மருந்து தீருமுன் மருந்து வரவேண்டும்!

ஆஸ்பத்திரி வரிசை வீட்டு வாசலுக்கு வந்த கதை

"மாத்திரை தீர்ந்துபோச்சு. சந்தைக்குப் போகிற அன்றைக்கு வாங்கிக்கலாம்."

எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கிறோம்!

அரிசி தீர்ந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அடுப்பில் உலை கொதிக்கும். பானை காலியாக இருக்கும். எண்ணெய் தீர்ந்தால் தாளிக்கும்போது தெரிந்துவிடும். ஆனால், ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்தால் அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் தெரியாது. ஒரு மாதம்கூடத் தெரியாமல் போகலாம். "மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறேன்!" என்று மனம் சொல்லும்.

அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தால் ஒரு கை தூக்க வராது. வாய் கோணும். பேச்சு குழறும். பிறகு 108 வண்டி, பெரிய ஆஸ்பத்திரி, அலைச்சல், கடன். ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய்தான். அரசு ஆஸ்பத்திரியில் அதுவும் இல்லை, இலவசம். ஆனால் அது வயிற்றுக்குள் போகாமல் நின்றதற்கு ஒரு குடும்பமே விலை கொடுக்கிறது.

டாக்டர் ஒருமுறை எழுதிக் கொடுத்த மருந்தை, மாதா மாதம், ஆண்டுக்கணக்கில், ஒரு நாளும் விடாமல் வாங்கிக்கொண்டிருப்பது எப்படி? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் தமிழ்நாடும், கடலுக்கு அப்பால் இலங்கையும், இங்கிலாந்தும் இந்தக் கேள்விக்குப் புதுப் புது வழிகளைத் தேடியிருக்கின்றன. அந்தக் கதையை ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து தொடங்குவோம்.

48 மடைக் கண்மாய்

ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலத்தின் முழுப்பெயர் ராஜசிங்கமங்கலம். ஊரின் பெருமை அதன் கண்மாய். "நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்" என்று சுற்று வட்டாரத்தில் சொல்வார்கள். ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அத்தனை பெரிய கண்மாய் என்று அர்த்தம்.

மடை 48 இருந்து என்ன? பயிர் வாடும் நாளில் வயலுக்குத் தண்ணீர் வந்தாக வேண்டும். கதிர் கருகிய பிறகு கண்மாய் நிறைந்து பயன் இல்லை. இந்த ஊர் விவசாயிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

மருந்தும் அப்படியே. கிடங்கில் மலைபோல் குவிந்திருந்தாலும், நோயாளியின் கையில் உரிய நாளில் இருந்தால்தான் அது மருந்து.

ஆனால் இந்த வட்டாரத்து மக்களின் பிழைப்பைப் பாருங்கள். மழையை நம்பிய நெல். தை மாதம் அறுவடை. அது முடிந்ததும் மிளகாய்ப் பழம் பறிப்பு. உருண்டையான ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கரையோரம் உப்பூர், திருப்பாலைக்குடி பக்கம் போனால் மீன்பிடித் தொழில். வயலானாலும் கடலானாலும் வேலை இருக்கிற நாளில் வேலைக்குப் போயாக வேண்டும். மாத்திரை வாங்க ஒரு நாள் போனால், ஒரு நாள் கூலி போச்சு!

வயதானவர்களின் நிலை இன்னும் சங்கடம். பிள்ளைகள் சென்னையிலோ, திருப்பூரிலோ, வளைகுடா நாட்டிலோ இருப்பார்கள். பணம் அனுப்புவார்கள். ஆனால் பஸ் ஏறி வரிசையில் நிற்க யார் இருக்கிறார்கள்? முட்டி வலியோடு பாட்டியே போக வேண்டும். ஒரு மாதம் போவாள். மறு மாதமும் போவாள். மூன்றாவது மாதம், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பாள். மருந்து நிற்பது இப்படித்தான். பிடிவாதத்தால் அல்ல, தூரத்தால், கூலியால், கால் வலியால்!

பாட்டில் கொண்டுபோன காலம்

நம் தாத்தா காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு ஒரு காலிப் பாட்டில் கொண்டு போவார்கள். கம்பவுண்டர் அதில் கலவை மருந்தை ஊற்றிக் கொடுப்பார். எத்தனை வேளை என்று காட்ட, பாட்டிலின் ஓரத்தில் வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார். காய்ச்சல், இருமல், வயிற்றுக் கடுப்பு ஆகியவைதான் அன்று பெரிதும் தெரிந்த நோய்கள். மூன்று நாள் மருந்து. நாலாம் நாள் குணம். கதை முடிந்தது.

இன்று நம்மை அதிகம் வாட்டும் நோய்கள் அப்படிப்பட்டவை அல்ல. ரத்தக்கொதிப்பும், சர்க்கரை வியாதியும் வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே இருக்கும். மருந்து அவற்றை விரட்டுவதில்லை, அடக்கி வைக்கிறது. அடக்குகிற கையை எடுத்தால் நோய் மறுபடி தலையெடுக்கும். ரத்தக்கொதிப்புக்கான சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால், அழுத்தம் முன்பைவிட அதிகமாக எகிறுவதும் உண்டு.

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது.

அதைவிடத் திடுக்கிட வைக்கும் கணக்கு ஒன்று உண்டு. 2020-ல் தமிழ்நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது! சர்க்கரை வியாதிக்காரர்களில் 100-க்குச் சுமார் 11 பேருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது!

பலருக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பலர் மருந்தைத் தொடர்ந்து சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார், மருந்தும் இலவசம். ஆனால் மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவில் எங்கோ கால்வாய் தூர்ந்து கிடந்தது.

வாசலுக்கு வந்த மாத்திரை

அந்தக் கால்வாயைத் தூர்வார வந்த திட்டம்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார்.

அதுவரை வழக்கம் என்ன? நோயாளி மருந்தைத் தேடிப் போக வேண்டும். இத்திட்டம் அதைத் தலைகீழாக மாற்றியது. ஏற்கெனவே நோய் கண்டுபிடிக்கப்பட்டு மருந்து எழுதப்பட்டவர்களின் பட்டியல் தயாராகும். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும் முதலிடம். பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் மாத்திரையோடு வீடு தேடி வருவார். இவர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண்ணாகவே இருப்பார்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

"அப்பத்தா, மாத்திரை இன்னும் எத்தனை இருக்கு?"

"இருக்குத்தா, நிறைய இருக்கு."

"நிறைய இருக்கக் கூடாதே! போன தடவை குடுத்தது இந்நேரம் தீர்ந்திருக்கணும். ராத்திரி மாத்திரையை விட்டுட்டீங்களா?"

"ராத்திரி கண்ணு தெரியலத்தா. எது எதுன்னு தெரியாமப் போச்சு."

பாருங்கள்! ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருந்தால் அப்பத்தா இதைச் சொல்லியிருப்பாரா? பின்னால் 50 பேர் நிற்கும்போது, "ராத்திரி மாத்திரை விட்டுப் போச்சு" என்று யார் சொல்லுவார்கள்? திண்ணையில் உட்கார்ந்து பேசும்போதுதான் உண்மை வெளியே வருகிறது. மாத்திரை மட்டும் அல்ல, விசாரணையும் வீட்டுக்கு வருகிறது. அதுதான் இதில் பெரிய லாபம்.

ரத்த அழுத்தம் பார்ப்பது, படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்குப் பராமரிப்பு, கை கால் விளங்காதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சி, சிறுநீரகம் பழுதானவர்கள் வீட்டிலேயே ரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டிய திரவப் பைகள் ஆகியவையும் இத்திட்டத்தில் சேர்ந்தவை.

2022 டிசம்பர் 29-ல் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுக்கப்பட்டது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பல அமைப்புகள் சேர்ந்த குழு இத்திட்டத்துக்கு விருது கொடுத்துப் பாராட்டியது.

பெருமையோடு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வெயிலில் வீடு வீடாக நடக்கும் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைதான். அதை உயர்த்தக் கோரி அவர்கள் குரல் எழுப்பியதும் உண்டு. கால்வாயைக் காப்பாற்ற வேண்டுமானால் மடை திறப்பவனைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

கிடங்கு காலியானால்?

வீட்டுக்கு மருந்து வர வேண்டுமானால், முதலில் ஆஸ்பத்திரியில் மருந்து இருக்க வேண்டும். அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு.

1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் வேண்டிய மருந்தை இது மொத்தமாக வாங்குகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைவு. மருந்தின் தரத்தைச் சோதித்த பிறகே அனுப்புகிறது. மாவட்டக் கிடங்குகளில் வைத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது.

பேங்கில் நமக்குப் பாஸ் புத்தகம் இருப்பதுபோல, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ் புத்தகம்! எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படும். எந்த ஆஸ்பத்திரியில் எது அதிகம் செலவாகிறது என்று தெரிந்துகொள்ள இது உதவுகிறது. மாத்திரை அட்டையின் மேலேயே, இது தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு வட்டாரத்தில் மாதா மாதம் மருந்து வாங்குவோர் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான், எத்தனை மாத்திரை வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். நீங்கள் ஒழுங்காக வாங்கினால் கணக்கு ஒழுங்காக இருக்கும். இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு மூன்றாவது மாதம் எல்லாரும் ஒன்றாக வந்தால், கிடங்கு எப்படித் தாங்கும்?

எதிர்க் கரையில் தபால்காரர்

பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கை. அங்கே நாள்பட்ட நோயாளிகள் அரசு மருத்துவமனையின் 'கிளினிக்' நாளில் போய், தங்கள் கிளினிக் கொப்பியைக் காட்டி மருந்து வாங்குவார்கள்.

2020-ல் கொரோனா வந்தது. ஊரடங்கு வந்தது. கிளினிக் நோயாளிகள் என்ன செய்வார்கள்? மருந்தை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலையில் அஞ்சல் துறையையும் இறக்கினார்கள். கடிதம் கொண்டு வந்த தபால்காரர் மாத்திரைப் பொட்டலம் கொண்டு வந்தார்! புது வழி என்றால் புது இயந்திரம்தான் வேண்டும் என்பது இல்லை. ஊருக்குள் ஏற்கெனவே நடமாடும் ஓர் ஆளே போதும்.

டிக் அடிக்கும் சீமை முறை

இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ல் தொடங்கியது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துகொள்வார்கள். தொடர் மருந்து வேண்டியவருக்கு, மருந்துகளின் பெயர்கள் அச்சிட்ட சீட்டு ஒன்று உண்டு. வேண்டியதற்கு எதிரே டிக் அடித்து, டாக்டரின் கிளினிக்கில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வருவார்கள். இப்போது செல்போன் செயலியிலேயே கேட்டு வாங்கலாம். நோய் கட்டுக்குள் உள்ளவர்களுக்கு ஓராண்டு வரைக்குமான சீட்டை டாக்டர் ஒரே தடவையில் எழுதிவிடும் ஏற்பாடும் உண்டு. மருந்துக் கடைக்காரர் தவணை தவணையாகக் கொடுப்பார்.

அங்கேயும் ஒரு சிக்கல் வந்தது. சில வட்டாரங்களில், நோயாளிக்குப் பதிலாக மருந்துக் கடைக்காரரே டாக்டரிடம் மருந்து கேட்டு வந்தார். வசதிதான். ஆனால் வேண்டாத மருந்தும் சேர்ந்து வந்தது. அலமாரியில் மாத்திரை குவிந்தது. காலாவதியாகிக் குப்பைக்குப் போனது. ஆகவே அந்த வட்டாரங்களில் இந்த வழக்கத்தை நிறுத்தி, "உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்" என்றார்கள்.

இதில் நமக்கும் பாடம் உண்டு. மருந்து வாசலுக்கு வந்தாலும், கணக்கு நம் கையில்தான் இருக்க வேண்டும்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகாமல், தனியார் டாக்டரிடம் காட்டிக் கடையில் வாங்குவோரும் உண்டு. ஓராண்டுக்கு முந்தைய கசங்கிய சீட்டைக் காட்டி, "இதையே கொடுங்கள்" என்பார்கள். சிலர் சீட்டுகூட இல்லாமல் பழைய அட்டையை நீட்டுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. டாக்டர் சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்தை, ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் கொடுக்கலாம். மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டர் அந்தச் சீட்டிலேயே எழுதியிருந்தால் மட்டும் மறுபடி கொடுக்கலாம். எத்தனை தடவை, எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தால் அதன்படிதான். கொடுத்த தேதியையும் கடைக்காரர் சீட்டில் குறிக்க வேண்டும்.

ஆகவே டாக்டரிடம் கேளுங்கள்: "ஐயா, இந்த மருந்தை எத்தனை மாதம் தொடரலாம்? அதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்." கேட்பதில் வெட்கம் இல்லை. அது உங்கள் உரிமை.

நேரில் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. தொலைவில் இருந்தே டாக்டர்கள் நோயாளியைப் பார்க்க 2020 மார்ச்சில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. முன்பே சாப்பிட்டு வரும் மருந்தைத் தொடரும்படி டாக்டர் இப்படி எழுதிக் கொடுக்கலாம். ஆனால் எல்லா மருந்தையும் எழுத முடியாது. போதை வகை மருந்துகளுக்கு அனுமதி இல்லை.

வசதியில் ஒளிந்த ஆபத்து

மருந்து எளிதாகக் கிடைக்கிறது என்றால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை.

மாத்திரை ஒழுங்காக வருகிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறோம். ஆனால் ரத்தம் பரிசோதித்து எத்தனை மாதம் ஆயிற்று? போன ஆண்டு போதுமாக இருந்த அளவு இந்த ஆண்டு போதாமல் இருக்கலாம். அல்லது அதிகமாக இருக்கலாம். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் சில மருந்துகளைக் குறைக்க வேண்டும்; சிலவற்றை நிறுத்தவும் நேரும். அதை மாத்திரை அட்டை சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும். மாத்திரை வீட்டுக்கு வந்தாலும், டாக்டர் சொன்ன தவணையில் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

இன்னொரு ஆபத்து, அட்டையின் நிறம். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் செய்கின்றன. போன தடவை சிவப்பு அட்டை. இந்தத் தடவை நீல அட்டை. "இது வேறு மாத்திரை" என்று சிலர் சாப்பிடாமல் வைத்துவிடுகிறார்கள். சிலர் பழையதும் புதியதும் சேர்த்துச் சாப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டாகி மயங்கி விழுகிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், மருந்தின் பெயரைப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். மெட்பார்மின் என்றால் சர்க்கரைக்கு. அம்லோடிபின் என்றால் பெரும்பாலும் ரத்தக்கொதிப்புக்கு. இரண்டு அட்டையிலும் ஒரே பெயர் இருந்தால், இரண்டும் ஒரே மருந்துதான். பக்கத்தில் இருக்கும் எண்தான் மருந்தின் அளவு. அந்த எண் மாறியிருந்தால் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சாப்பிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கடைசி அட்டையைப் பிரிக்கும் நாளே மருந்துக்குச் சொல்லும் நாள். 10 மாத்திரை உள்ள அட்டையானால், தினம் ஒன்று சாப்பிடுபவருக்கு 10 நாள் அவகாசம் இருக்கும். தினம் இரண்டு என்றால் 5 நாள்தான்.

2. காலண்டரில் மருந்து தீரும் தேதியை வட்டமிட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

3. காலை மாத்திரையை ஒரு டப்பாவிலும், இரவு மாத்திரையை வேறு நிற டப்பாவிலும் வையுங்கள். கண் மங்கியவர்களும் தடவிக் கண்டுபிடிக்க, ஒன்றின் மேல் ரப்பர் வளையம் போடுங்கள்.

4. மீன்பிடிக்கப் போகிறவர்களும், வெளியூர் வேலைக்குப் போகிறவர்களும் போகிற நாட்களைவிடச் சில நாட்களுக்கு அதிகமாகவே மாத்திரை கொண்டு போங்கள்.

5. ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

6. நோன்பும் விரதமும் இருப்பவர்கள், தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, மாத்திரை வேளையை மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

7. இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லையானால், தண்ணீர் ஊற்றிய மண்பானைக் குளிர்ச்சியில், நனையாதபடி டப்பாவில் வைக்கலாம். வெயில் படக் கூடாது.

8. உங்கள் மாத்திரையை, "எனக்கும் அதே வியாதிதான்" என்று கேட்கும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள். அவருக்கு வேண்டியது உங்கள் மாத்திரை அல்ல, டாக்டர்.

9. மருந்து வராவிட்டால் காத்திருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சந்தேகங்களுக்கு 104. கை கால் இழுத்தால், நெஞ்சு வலித்தால் உடனே 108.

அன்று நோயாளி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். 2021 முதல் மருந்தே வாசல் தேடி வரத் தொடங்கியது. நாளைக்குச் செல்போனில் கேட்டு வாங்கும் வழக்கமும் கிராமத்துக்கு வரலாம். அப்போதும் செல்போன் பழகாத முதியவர்களுக்காக அந்த வாசல்வழியை அடைத்துவிடக் கூடாது.

வழி எதுவானாலும் மடை திறந்தால் மட்டும் போதாது. வாய்க்கால் வழியே வந்த நீரை வயலுக்குத் திருப்ப, மண்வெட்டியோடு வரப்பில் ஒருவர் நிற்க வேண்டும். மருந்து விஷயத்தில் அந்த ஒருவர் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். அப்பத்தாவின் மாத்திரை டப்பாவை எடுத்து, எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்!